ஆற்றிலிருந்து எவ்வளவு உயரம்? திருகோணமலைத் தரையில் மூன்று இலவச மென்பொருட்கள்

ஒவ்வொரு நிலமும் தன் ஓடையைவிட எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்று காட்டுகிற வெள்ளப் படத்தை கிராஸ், சாகா, வைட்பாக்ஸ் என்ற மூன்று மென்பொருட்களில் எப்படிப் போடுவது என்பதுதான் இங்கே விஷயம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம். முதலிக்குளம், பன்குளம், குமரன்கடவை மாதிரி மேடும் பள்ளமும் உள்ள இடங்களுக்கு கிராஸ். மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கத்துத் தட்டைத் தரைக்கு சாகா. இன்றைக்குள் ஏதாவது ஒரு படம் கையில் வேண்டும் என்றால் வைட்பாக்ஸ். வைட்பாக்ஸையும் சாகாவையும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்குள் வைத்தே ஓட்டலாம், கிராஸை மட்டும் ஒரு கட்டளைக்காகத் தனியாகத் திறக்க வேண்டும், மூன்றுக்கும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஒரே மாவட்டத்துக்கு ஏன் ஒரே கருவி போதாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கிற பயிற்சிப் பாடங்கள் எல்லாம் மலைநாட்டு ஆற்றை வைத்துக் காட்டுகின்றன, அதை அப்படியே கொண்டுவந்து கொட்டியாரக் குடாவின் கரையில் போட்டால் தவறான ஊர்கள் பாதுகாப்பான நிறத்தில் வந்து நிற்கும்.

வேலை என்னவென்றால் இதுதான். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு உயர எண் வைத்திருக்கிற கோப்பு ஒன்று இருக்கிறது, அதைத்தான் ராஸ்டர் உயரப்படம், டெம் என்கிறார்கள். அதிலிருந்து ஆறு, ஓடைகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கட்டமும் தனக்குரிய ஓடையைவிட எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து உயரம் வெள்ளத்தைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. உள்நாட்டில் ஓடைக்கரையில் இருக்கிற வயல் கடலைவிடப் பல பத்து மீட்டர் உயரத்தில் இருந்தும் ஒரு இரவு மழைக்கு மூழ்கிவிடும். ஓடையிலிருந்து அளந்தால்தான் அந்த வயலின் நிலை தெரியும். அமேசன் காட்டுக்காக பிரேசில் ஆய்வாளர்கள் 2008-இலும் 2011-இலும் வெளியிட்ட கட்டுரைகளில் இந்தக் கணக்குக்கு ஹாண்ட், அதாவது பக்கத்து வடிகாலுக்கு மேலான உயரம், என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் தேசிய அளவில் வெள்ளப் படம் போடுவதற்கும் இதே கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நமக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இலங்கையைச் சுற்றியுள்ள இந்துமாக் கடலில் புவியீர்ப்புக் குறைவாக இருப்பதால், செயற்கைக்கோள்கள் உயரத்துக்குப் பூச்சியமாக எடுத்துக்கொள்கிற நீள்வட்டப் பரப்பைவிட (பூமியின் வடிவத்துக்கு ஈடான ஒரு கணிதப் பரப்பு) நம் கடல் மட்டம் ஏறக்குறைய 90 மீட்டர் அளவில் கீழே கிடக்கிறது. திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் செயலி ஒன்றை உப்புவெளிக் கடற்கரையில் திறந்தால் மைனஸ் 90-ஐ ஒட்டிய ஒரு எண்ணைக் காட்டுவது அதனால்தான், கருவி பழுது என்று யாரும் பயப்பட வேண்டாம். ஓடைக்கும் வயலுக்கும் ஒரே கோப்பிலிருந்து உயரம் எடுத்துக் கழித்துவிட்டால் இந்தத் தலைவலி தானாகவே அடிபட்டுப் போகும்.

சரி, தரவு. கொப்பர்னிக்கஸ் 30 மீட்டர் டெம்மை எடுங்கள், ஓபன்டொபோகிராபி தளத்தில் இலவசக் கணக்குத் திறந்து இறக்கலாம். 2000 பெப்ரவரியில் என்டெவர் விண்ணோடத்திலிருந்து 11 நாளில் எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற பழைய டெம் இன்னும் பல பாடங்களில் வருகிறது, ஆனால் அதில் உயரங்கள் முழு எண்ணாக இருக்கின்றன. தம்பலகாமம் வயல்வெளியில் ஒரு மீட்டர் என்பது பெரிய வித்தியாசம், முழு எண்ணை வைத்துக்கொண்டு அங்கே எதுவும் செய்ய முடியாது, படிக்கட்டுப் படிக்கட்டாகத்தான் வரும். கொப்பர்னிக்கஸ் 2011-க்கும் 2015-க்கும் இடையில் டான்டெம்-எக்ஸ் ரேடார் செயற்கைக்கோள்கள் எடுத்தது, தசம எண்கள் உண்டு, அதிகாரபூர்வத் துல்லியம் 4 மீட்டருக்குள்.

இறக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று. இந்தக் கோப்புகளைத் துண்டாக இறக்கினால் ஒவ்வொரு பாகைக்கும் ஒரு துண்டாக வரும், நம் மாவட்டத்தின் பெரும்பகுதி வடக்கு 8, கிழக்கு 81 துண்டில் அடங்கிவிடும், ஆனால் கந்தளாய் கிட்டத்தட்ட அந்த 81 பாகைக் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக் கிழக்கு 80 துண்டையும் எடுத்து ஒட்டாவிட்டால் கந்தளாய்க்கு மேற்கே எதுவுமே இல்லாத மாதிரி கணக்கு ஓடும். ஒட்டிய பிறகு பாகையிலிருந்து மீட்டருக்கு மாற்றுங்கள், மீட்டரில் அளக்கிற யுடிஎம் 44 வடக்கு ஆள்கூற்று முறை போதும், நில அளவைத் திணைக்களத்துப் படங்களோடு சேர்க்க வேண்டும் என்றால் 1999 இலங்கைக் கட்டம், மென்பொருளில் அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 5235.

மாவட்ட எல்லையை வைத்து மட்டும் டெம்மை வெட்டாதீர்கள். இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி வந்து மூதூருக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது, அதன் நீரேந்து பரப்பு 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், அதில் பெரும்பகுதி நம் மாவட்டத்துக்கு வெளியே மலைநாட்டிலும் பொலன்னறுவைப் பக்கத்திலும் இருக்கிறது. மாவட்ட எல்லையில் வெட்டினால் நாட்டின் மிக நீண்ட ஆறு ஒரு சின்ன வடிகால் ஓடை அளவுக்குத் தண்ணீர் கொண்டுவருவதாக மென்பொருள் நினைக்கும். வடக்கே புல்மோட்டைப் பக்கம் கடலில் சேர்கிற யான் ஓயாவுக்கும் இதே கதைதான். இந்த இடத்தில் கிராஸை மனதாரப் பாராட்ட வேண்டும். அதன் ஆர்.வாட்டர்ஷெட் கட்டளை, படத்துக்கு வெளியிலிருந்து தண்ணீர் வரக்கூடிய கட்டங்களின் நீர்க்குவிப்பு எண்ணை (மேலே எத்தனை கட்டங்களின் தண்ணீர் அங்கே வந்து சேர்கிறது என்ற எண்) மைனஸில் எழுதித் தரும். ஆறு முழுக்க மைனஸ் என்றால் மேலே வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். இவ்வளவு நேர்மையாக எச்சரிக்கிற கருவியை நான் வேறு பார்த்ததில்லை.

அடுத்தது மரம். ரேடார் இலையின் மேல் பட்டுத் திரும்பிவிடும், தரைவரை போகாது. அதனால் கொப்பர்னிக்கஸ் காட்டுவது தரையும் மரமும் கட்டடமும் சேர்ந்த உயரம். ஆற்றங்கரை மரவரிசை, கண்டல் காடு, தென்னந்தோப்பு எல்லாம் மண்மேடு மாதிரி நிற்கும். தம்பலகாமத்தில் ஒரு வயல்வெளியின் படத்தை ஏ3 தாளில் அச்சடித்துக்கொண்டு போய் அங்கே வயல் செய்கிற ஒரு ஐயாவிடம் காட்டினேன். ஓடையிலிருந்து ஆறு மீட்டருக்கு மேல் என்று கடும்பச்சையில் வந்திருந்த ஒரு கீற்றில் விரலை வைத்து, "தம்பி, இந்தப் பச்சை உங்கட படத்தில மட்டும்தான் மேடு, மார்கழியில இதுக்குள்ளால தோணி விடலாம், தைப்பொங்கல் கழிஞ்சும் வத்தாது" என்றார். போய்ப் பார்த்தால் அந்தக் கீற்று முழுக்க வாய்க்கால் ஓரத்து மரங்கள். இதற்கு ஒரு மருந்து உண்டு, ஃபாப்டெம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் கொப்பர்னிக்கஸ் டெம்மில் இருந்து காடு, கட்டடங்களின் உயரத்தைக் கணித்துக் கழித்து 2022-இல் வெளியிட்டது. அதே வயலில் அந்தப் பச்சை ஏறக்குறைய முழுதாகவே போய்விட்டது. வணிக வேலைக்கு மட்டும் அதன் உரிமம் இடம் தராது, ஊர்ச் சங்கம், பல்கலைக்கழக ஆய்வு என்றால் தாராளமாக எடுக்கலாம்.

இனிக் கருவிகள்.

வைட்பாக்ஸ்டூல்ஸ் கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லிண்ட்சே உருவாக்கியது, ரஸ்ட் மொழியில் எழுதியது, வேகம் என்றால் வேகம். க்யூஜிஐஎஸ்-இல் அதன் ப்ளக்இன்னைப் போட்டு, வைட்பாக்ஸின் இயங்கு கோப்பைத் தனியாக இறக்கி அதன் பாதையைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. எலவேஷன் அபவ் ஸ்ட்ரீம் என்ற கட்டளைக்கு இரண்டே உள்ளீடு, பள்ளங்கள் சரிசெய்த, அதாவது தண்ணீர் வெளியேற வழியில்லாத குழிகளை நிரப்பியோ வெட்டித் திறந்தோ எடுத்த, டெம் ஒன்று, ஓடை ராஸ்டர் ஒன்று. ஓடை ராஸ்டரில் பூச்சியத்துக்கு மேற்பட்ட எண் உள்ள எந்தக் கட்டமும் அதற்கு ஓடைதான், மேலதிகக் கேள்வி கேட்காது. இது நமக்கு எவ்வளவு உதவி என்பதை வெருகல் பக்கம் வேலை செய்தவர்கள்தான் உணர்வார்கள். மகாவலி கடலை அடைவதற்கு முன்னமே அதிலிருந்து வெருகல் ஆறு பிரிந்து போகிறது. தண்ணீர் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் போகும் என்று எடுத்துக்கொள்கிற டி8 முறையில் ஆறுகள் சேரலாம், பிரிய முடியாது. அதனால் டெம்மிலிருந்து ஓடை எடுக்கிற எந்தக் கருவியிலும் வெருகல் ஆறு பிரியும் இடத்துக்குக் கீழே கொஞ்சத் தூரம் காணாமல் போய்விடும். வைட்பாக்ஸில் இரண்டு ஆற்றையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்து ராஸ்டராக்கி ஒன்றாகக் கொடுத்துவிடலாம். டெம்மோடு கோடு பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடற்கரைக்கும் இதே வழிதான். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் பல இடங்களில் மழைத்தண்ணீர் எந்த ஓடைக்கும் போகாமல் நேராகக் கடலுக்குப் போகிறது. அந்தக் கட்டங்களுக்கு விடை இல்லாமல் படத்தில் வெள்ளையாக ஓட்டை விழும், அதைப் பார்ப்பவர்கள் அங்கே ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். கடலையும் களப்பையும் ஓடை ராஸ்டருக்குள் சேர்த்து ஓட்டுங்கள், ஓட்டை அடைபட்டுவிடும்.

வைட்பாக்ஸில் எனக்குப் பிடிக்காத ஒரு விஷயம் முக்கியமானது, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தட்டைத் தரையில் டெம்முக்கு ஆறு எங்கே ஓடுகிறது என்று தெரியாது, மரமேடு ஆற்றைத் தள்ளிவிடும், ஓடைக்கோடு பாலத்துக்குக் கீழே போகாமல் பக்கத்து வயலுக்குள் குதிக்கும், பள்ளம் நிரப்பிய தட்டையில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி நேர்நேராக ஏழெட்டு ஓடைகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும். அதற்காக எல்லோரும் செய்வது, தெரிந்த ஆற்றுக்கோட்டில் டெம்மை ஐந்து பத்து மீட்டர் செயற்கையாக ஆழமாக்குவது. தண்ணீர் அதற்குள் விழும், சரிதான். ஆனால் வைட்பாக்ஸ் தண்ணீர் போகிற பாதையையும் உயர வித்தியாசத்தையும் ஒரே டெம்மிலிருந்துதான் எடுக்கிறது. ஆற்றை ஐந்து மீட்டர் தோண்டினால் கரையோர வயல்கள் எல்லாம் ஐந்து மீட்டர் உயர்ந்துவிடும், மூழ்குகிற நிலம் மேட்டு நிலமாகிவிடும். பள்ளங்களை வெட்டித் திறக்கிற கட்டளையும் சேர்ந்து ஓடியிருந்தால் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் போனது என்று பிறகு கழித்துச் சரிக்கட்டவும் வழி இல்லை.

கிராஸில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஆர்.ஸ்ட்ரீம்.டிஸ்டன்ஸ் நீரோட்டத் திசையை ஒரு கோப்பாகவும் உயரத்தை இன்னொரு கோப்பாகவும் கேட்கிறது. ஆழமாக்கிய டெம்மை ஆர்.வாட்டர்ஷெட்டுக்குக் கொடுத்துத் திசையும் ஓடையும் எடுங்கள், உயரத்துக்கு மட்டும் கைபடாத அசல் டெம்மைக் கொடுங்கள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், மீட்டரும் உண்மை மீட்டராக வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே மேட்டுப் பகுதி வேலை எதையும் நான் இப்போது கிராஸில்தான் செய்கிறேன். ஓடையும் திசையும் ஒரே கட்டளையிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது, ஒன்றை ஆர்.வாட்டர்ஷெட்டிலும் மற்றதை ஆர்.ஸ்ட்ரீம்.எக்ஸ்ட்ராக்டிலும் எடுத்தால் ஓரிரு கட்டங்கள் விலகி விடை கெடும்.

போடுவதுதான் கொஞ்சம் கரடுமுரடு. ஆர்.ஸ்ட்ரீம்.டிஸ்டன்ஸ் கிராஸோடு சேர்ந்து வருவதில்லை, க்யூஜிஐஎஸ் பட்டியலிலும் தெரியாது, கிராஸைத் தனியாகத் திறந்து ஜி.எக்ஸ்டென்ஷன் கட்டளையால் இறக்க வேண்டும். விண்டோஸில் அது ஒரு வரி வேலை. முதன்முதலாக கிராஸைத் திறப்பவருக்கு அதன் லொகேஷன் (கோப்புகளின் ஆள்கூற்று முறை), ரீஜியன் (கணக்கு ஓடுகிற பரப்பு) ஏற்பாடு பிடிபடக் கொஞ்ச காலம் எடுக்கும், பொறுமையாக உட்காருங்கள், போட்ட நேரத்துக்குப் பலன் உண்டு.

கிராஸைப் பற்றி இன்னும் ஒன்று, நம் குளங்களுக்காக. எங்கள் மாவட்டத்தில் குளக்கட்டு இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும். மற்றக் கருவிகள் கணக்குக்கு முன் பள்ளங்களை நிரப்பச் சொல்லும். குளம் என்பது டெம்மின் கண்ணில் ஒரு பள்ளம், கட்டு என்பது அதை அடைத்து நிற்கிற மேடு. துருசு டெம்முக்குத் தெரியாது. நிரப்பினால் குளத்துக்கு மேலே உள்ள வயல்கள் வரை கட்டு மட்டத்துக்குத் தட்டையாகிவிடும், கட்டைத் தாண்டி எங்கே குறைவான உயரம் இருக்கிறதோ அந்த வழியாகத் தண்ணீர் வெளியேறும், அது வான் பாய்கிற இடமாக இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் கீழே உள்ள வயல்வெளி முழுக்க வேறு ஓடைக்குப் போய்ச் சேரும். ஆர்.வாட்டர்ஷெட் எதையும் நிரப்புவதில்லை. பள்ளத்துக்குள் இருந்து வெளியேற மிகக் குறைந்த ஏற்றம் உள்ள பாதையைத் தேடிப் போகும், டெம் அப்படியே இருக்கும். தவிர, உண்மையான பள்ளங்கள் இவை என்று ஒரு கோப்பும் கொடுக்கலாம், குளங்களை அதில் போட்டுவிட்டால் தண்ணீர் குளத்தோடு நின்றுவிடும்.

கந்தளாய்க் குளத்துக்குக் கீழே இதைச் செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு செய்ய முடியாது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்தக் கட்டு உடைந்ததில் எத்தனையோ உயிர்கள் போயின. ஓடையிலிருந்து உயரம் என்ற கணக்கில் கட்டு உடைவது வராது, மழைவெள்ளத்தில் ஓடை பெருகுவது மட்டுமே வரும். அதனால் கந்தளாய்க்குக் கீழே உள்ள ஊர்களுக்கு ஹாண்ட் படம் ஒன்றை மட்டும் கொடுத்து இதுதான் உங்கள் வெள்ள ஆபத்து என்று யாரும் சொல்லக் கூடாது, உரத்துச் சொல்கிறேன், சொல்லவே கூடாது. குளத்து நீர்மட்டத்தை அடித்தளமாக வைத்துத் தனிப் படம் போட்டு இரண்டையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

இப்போது சாகா. ஜெர்மனியில் உருவானது, இந்தக் கணக்குக்கு அதில் வெர்ட்டிக்கல் டிஸ்டன்ஸ் டு சானல் நெட்வொர்க் என்று பெயர். புதிய க்யூஜிஐஎஸ்-இல் கூடவே வருவதில்லை, சாகாவைத் தனியாகப் போட்டு நெக்ஸ்ட்ஜென் ப்ளக்இன்னையும் போட வேண்டும். இது தண்ணீர் போகிற பாதையைப் பார்ப்பதே இல்லை. ஓடைக் கட்டங்களின் உயரங்களை எடுத்து, அவற்றுக்கு இடையில் ஒரு பாயை இழுத்து விரித்த மாதிரி ஒரு பரப்பைப் போட்டு, நிலத்தின் உயரத்திலிருந்து அந்தப் பரப்பைக் கழிக்கிறது. மலைப்பகுதிக்கு இது பொருந்தாது, நடுவில் ஒரு மேடு இருந்தாலும் அந்தப் பக்கத்து ஓடையின் மட்டம் இந்தப் பக்கத்தைப் பாதிக்கும். அதனால் இதைக் குறைவாக மதிப்பிட்டு எழுதுகிறவர்கள் நிறைய. ஆனால் மூதூரில் அவர்கள் சொல்வது செல்லாது.

ஏனென்று பாருங்கள். மகாவலி போன்ற ஆறு ஆண்டாண்டாக வெள்ளத்தில் வண்டலைக் கொண்டுவந்து தன் கரையோரமாகவே முதலில் போடுகிறது, கரை மெல்ல உயர்கிறது, கரைக்குப் பின்னால் உள்ள வில்லுகளும் வயல்களும் தாழ்ந்தே கிடக்கின்றன. க்யூஜிஐஎஸ்-இல் உயரக் குறுக்குவெட்டுக் கருவியைத் திறந்து, ஃபாப்டெம்மை வைத்து, மூதூருக்குத் தெற்கே ஆற்றுக்குக் குறுக்காக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஆற்றுக்கு இரு பக்கமும் கோடு ஏறி, பிறகு மெதுவாக இறங்கி, சில இடங்களில் ஆற்று நீர்மட்டத்துக்கே வந்துவிடும். பாதையைப் பின்பற்றுகிற ஹாண்ட் முறைப்படி அந்தத் தாழ்ந்த வயலின் மழைநீர் மகாவலிக்குப் போவதே இல்லை, பின்பக்கத்துச் சின்ன வடிகால் ஒன்றுக்குப் போகிறது. அதனால் அந்த வயலுக்கும் மகாவலிக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி எண் வரும். தவிர, ஓடையை நோக்கித் தண்ணீர் இறங்கிப் போவதாகவே கணக்குப் போடுவதால், பள்ளம் சரிசெய்த டெம்மில் மைனஸ் எண்ணே வராது. சாகாவில் வரும். அடித்தளப் பரப்பை நிலத்துக்குக் கீழேயே வைத்திரு என்ற ஒரு தெரிவு இருக்கிறது, அதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். மகாவலியையும் வெருகல் ஆற்றையும் மட்டும் ஓடையாகக் கொடுத்து ஓட்டினால், கரையைத் தாண்டினால் தண்ணீர் எங்கே போய்த் தேங்கும் என்பது மைனஸ் எண்களில் கண்ணுக்கு முன் வரும். 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் பார்த்தவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால் அவர்களே ஊர் ஊராகப் பெயர் சொல்லி விரல் வைப்பார்கள்.

ஆகவே இரண்டு வேறு கேள்விகள். இந்த வயலில் பெய்கிற மழை எந்த ஓடைக்கு வடியும், அந்த ஓடை பெருகினால் இங்கே வருமா என்பது ஒன்று, அதற்கு கிராஸ். இந்தப் பெரிய ஆறு கரை மீறினால் எந்த நிலம் அதைவிடத் தாழ்ந்து கிடக்கிறது என்பது மற்றது, அதற்கு சாகா. வைட்பாக்ஸிலும் நேர்கோட்டுத் தூரத்தை வைத்து இதைச் செய்கிற தனிக் கட்டளை ஒன்று உண்டு, ஓடையிலிருந்து ஓடைக்கு மாறுகிற இடங்களில் விளிம்பு வெட்டின மாதிரி தெரியும் என்பதால் ஊருக்குக் காட்டுகிற படத்துக்கு நான் அதை எடுப்பதில்லை.

எதையும் போடாமல் தயாராகக் கிடைப்பவையும் இருக்கின்றன. அலாஸ்கா செயற்கைக்கோள் நிலையம் கொப்பர்னிக்கஸ் டெம்மிலிருந்து உலகம் முழுமைக்கும் 30 மீட்டர் ஹாண்ட் போட்டு இலவசமாக வைத்திருக்கிறது. 2019-இல் வந்த மெரிட் ஹைட்ரோ என்ற உலக நீரோட்டத் தரவில் 90 மீட்டரில் ஒரு ஹாண்ட் அடுக்கு உண்டு, கூகுள் எர்த் எஞ்சினிலேயே திறக்கலாம். மாவட்டத்தை ஒரு பார்வையில் பார்க்க நல்லது. ஒரு கிராம சேவகர் பிரிவுக்குள் இறங்கினால் உதவாது, ஏனென்றால் எது ஓடை என்று அவர்கள் முடிவு செய்திருப்பார்கள், நம் குளங்களையும் வாய்க்கால்களையும் அதில் சேர்க்க நமக்கு வழி இல்லை.

ஓடை எங்கே தொடங்குகிறது என்பதற்கான எல்லை எண்ணை எவ்வளவு வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். 30 மீட்டர் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர், 1,000 கட்டம் என்றால் 0.9 சதுர கிலோமீட்டர் நீரேந்து பரப்பு. முதலிக்குளம், பன்குளம் பக்கத்துக்கு நான் அங்கேதான் தொடங்குகிறேன். எண்ணைக் குறைத்தால் ஓடைகள் பெருகி எல்லா நிலமும் ஓடைக்குப் பக்கத்தில் வந்துவிடும், கூட்டினால் சின்ன ஓடையோரத்து வயல்கள் எல்லாம் மேடாகிவிடும். செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, கண்ணுக்குத் தெரிகிற ஓடைகளோடு பொருந்தும்வரை மாற்றிப் பாருங்கள், அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

படம் வந்த பிறகு அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. ஹாண்ட் பூச்சியம் என்பது ஆற்றின் அடித்தரை அல்ல, ரேடார் பறந்த நாட்களில் இருந்த நீர்மட்டம். மனம்பிட்டியில் மகாவலி இத்தனை மீட்டர் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்கிற எண் வேறொரு பூச்சியத்திலிருந்து அளந்தது. அந்த எண்ணை எடுத்து அப்படியே ஹாண்ட் படத்தில் நிறம் தீட்டி முகநூலில் போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும், வெள்ள நேரத்தில் ஜனங்கள் அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அப்புறம், டெம்மின் பிழையே சில மீட்டர் இருக்கும்போது அரை மீட்டருக்கு ஒரு நிறம் தீட்டுவதில் அர்த்தம் இல்லை. நான் 2 மீட்டருக்குள், 2 முதல் 5, 5 முதல் 10, அதற்கு மேல் என்று நான்கு நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், கழிமுகத்துக்கு மட்டும் மைனஸுக்கு ஐந்தாவதாக ஒன்று. வயலுக்கு நடுவே உயர்த்திப் போட்ட வீதிகள் வெள்ளத்தில் குளக்கட்டு மாதிரியே தண்ணீரை மறிக்கும், ஆனால் வீதியின் அகலம் ஒரு கட்டத்துக்கும் குறைவு என்பதால் டெம்மில் பெரும்பாலும் தெரிவதில்லை. தாம்போதிகளும் மதகுகளும் எங்கே இருக்கின்றன என்று ஊர்க்காரரைக் கேட்டுத்தான் படத்தில் கையால் குறிக்க வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. கோப்புறைக்கும் கோப்புக்கும் தமிழில் பெயர் வைத்தால் சாகாவும் கிராஸும் விண்டோஸில் சில நேரம் திறக்க மறுக்கும், பாதை முழுவதையும் ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் வையுங்கள், படத்துக்குள் ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதுவதில் எந்தத் தடையும் இல்லை. மகாவலி நீரேந்து பரப்பு முழுவதையும் 30 மீட்டரில் எடுத்தால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள் வரும், 8 ஜிபி நினைவகம் உள்ள லேப்டொப் தாங்கும், அதற்குக் குறைவென்றால் ஆர்.வாட்டர்ஷெட்டில் எம் என்ற தெரிவைப் போட்டால் வட்டில் வைத்து மெதுவாக ஓடி முடிக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூதூரில் தொடங்க வேண்டாம். பன்குளத்துக்குப் பக்கத்தில் சரிவு தெளிவாகத் தெரிகிற ஒரு சின்ன ஓடையை எடுத்து, முதலில் வைட்பாக்ஸிலும் பிறகு கிராஸிலும் ஓட்டி, இரண்டையும் ராஸ்டர் கால்குலேட்டரில் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் எங்கே அதிகமாக வருகிறதோ அந்த இடத்துக்கு ஒரு தடவை நேரில் போய், கட்டா, மரமா, துருசா என்று பார்த்துவிட்டு வந்து அதை டெம்மில் திருத்துங்கள். கழிமுகத்தையும் சாகாவையும் அதற்குப் பிறகு எடுக்கலாம்.